உடற்கல்விப் பாடவேளையில் கணிதம் எடுக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் தரம் 10 படிக்கிறான். உடற்கல்விப் பாடவேளையில் வெயிலில் ஓடிவிட்டு வந்து அடுத்த பாடத்தில் தூங்கி விழுகிறான். அந்த நேரத்தில் கணிதம் எடுத்தால் என்ன, சேர்?"

அம்மா, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் அவனுடைய ஒரு நாளைப் பாருங்கள். காலை ஏழரையில் இருந்து ஒன்றரை வரை வாங்கில். சாப்பிட்ட கையோடு ரியூஷன், அங்கேயும் வாங்கு. இரவு வீட்டு மேசை. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கூடத்திலும் இல்லையென்றால் அதை இவன் எங்கே போய்த் தேடுவான்?

தூங்கி விழுகிறானா? இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான், காலையில் சாப்பிட்டானா, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனானா என்று பாருங்கள். வெயில்தான் பிரச்சினை என்றால் அந்தப் பாடவேளையைக் காலையில் போடச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். கணிதத்துக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

சரி, உங்கள் மகன் ஓடுகிறான். எனக்கு ஓடாத பிள்ளைகளைப் பற்றித்தான் பெரிய கவலை. தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், இதை நான் எத்தனை தரமும் சொல்வேன்: விளையாட்டு எல்லாப் பிள்ளைக்கும் உரியது. 1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமரை, அதுதான் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டத்தை, ஊரே திரண்டு பார்க்கிறோம், சந்தோஷம். ஆனால் மைதானத்தில் இறங்குவது இரண்டு அணிக்கும் சேர்த்து 22 பேர். மற்றப் பிள்ளைகள்? வலைப்பந்தாட்ட மைதானம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம் என்று பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்த பிள்ளைகள் எனக்குத் தெரியும். பந்தைக் கையால் தொட்டதில்லை.

நான் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை, எப்போதும் மரத்தடியில் நின்று மற்றவர்களின் செருப்பைக் காவல் பார்க்கும். ஒருநாள் நிலத்தில் கோடு கீறிக் கிளித்தட்டு மறிக்க விட்டேன். ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்க, மற்ற அணி பிடிபடாமல் தாண்டிப் போகும் விளையாட்டு அது. அதற்குப் பந்தும் வேண்டாம், காசும் வேண்டாம், ஒரே நேரத்தில் கனபேர் விளையாடலாம். அந்தப் பிள்ளையைக் கிளியாக, அதாவது நடுக்கோட்டிலும் ஓடி மறிக்கும் ஆளாக விட்டால், நடுக்கோட்டில் என்ன ஓட்டம்! ஆளைக் கண்ணாலேயே மறிக்கிறாள். பிறகு அவள் மரத்தடிக்குப் போகவே இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று இடைவேளையை மறிக்காதீர்கள். மைதானத்தைச் சுற்றி ஓடு என்று தண்டனையும் கொடுக்காதீர்கள், பிறகு அந்தப் பிள்ளைக்கு ஓட்டமே வெறுத்துப் போகும். இரட்டைப் பாடவேளை என்றால் நடுவில் இரண்டு நிமிடம் எழுப்பிக் கைகால் அசைக்க விடுங்கள். பிறகு பாடத்தைக் கவனிப்பது கூடுமே தவிரக் குறையாது.

அம்மா, இன்றைக்கு மகன் வந்ததும் ஒன்று கேளுங்கள்: அவனுடைய வகுப்பில் எத்தனை பேர் மரத்தடியில் நிற்கிறார்கள்? எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை அதைப் பற்றியே பேசுவோம்.