பழைய வீவர் ஸ்கோப்பைக் கழட்டிப் போடலாமா, வெச்சுக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. பென்சில்வேனியாலேருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, கொஞ்சம் பெருசு, சுருக்கி சொல்றேன். கடையில யூஸ்டு ரேக்குலேருந்து ஒரு மார்லின் 336 வாங்கியிருக்காரு, கீழ இருக்குற லீவரை இழுத்து தோட்டா ஏத்துற ரைஃபிள், தேர்ட்டி தேர்ட்டிங்கற தோட்டா போடுறது. மேல பழைய வீவர் கே2.5 ஸ்கோப் ஒண்ணு, அதான் ரெண்டரை மடங்கு பெருசாக்கிக் காட்டுற குறி பாக்குற தொலைநோக்கி, மாட்டினபடியே வந்திருக்கு, குழாய்ல எல் பாஸோ, டெக்சஸ்னு பொறிச்சிருக்காம். கூட வேலை பாக்குற ஒருத்தர் பாத்துட்டு, இதெல்லாம் தாத்தா காலத்து சாமான், தூக்கி போட்டுட்டு 3லேருந்து 9 மடங்கு வரைக்கும் மாத்தக்கூடிய பவர், முன் கண்ணாடி 40 எம்எம், அப்படி ஒரு ஸ்கோப் வாங்கி மாட்டுன்னுட்டாராம். "அண்ணே, தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பிக்குது, இதை வெச்சே போலாமா, மாத்தணுமா?" இதான் கேள்வி.

கழட்டாதீங்க தம்பி. அதாவது, நான் சொல்ற டெஸ்ட்டெல்லாம் பண்ணிப் பாத்துட்டு அதுல பெயில் ஆச்சுன்னா அப்புறம் கழட்டுங்க. பழசுங்கறதுக்காக மட்டும் கழட்டுறதுல அர்த்தமே இல்ல.

முதல்ல இந்த வீவர் யாருன்னு ரெண்டு வரி. பில் வீவர்னு ஒருத்தர், 1930ல கென்டக்கில ஆரம்பிச்சாரு, அப்புறம் 1933ல எல் பாஸோவுக்கு கடையை மாத்திட்டாரு. அதுக்கு முன்னாடி வேட்டை ஸ்கோப்புன்னா பெரும்பாலும் ஜெர்மனிலேருந்து வரணும், பணக்காரன் சமாச்சாரம். இவர்தான் சாதாரண ஆள் வாங்குற விலையில போட்டாரு. அவரோட 330 மாடல் இருக்கே, முக்கால் இஞ்ச் குழாய், அதைத்தான் ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு ஸ்னைப்பர் மேல மாட்டிச்சு. மழைல உள்ள தண்ணி போகுதுன்னு சிப்பாய்ங்க திட்டினதும் அதே ஸ்கோப்பைத்தான், அதையும் சொல்லிடணும்ல. போர் முடிஞ்சப்புறம் வந்ததுதான் இந்த கே சீரிஸ், ஒரு இஞ்ச் ஸ்டீல் குழாய். எல் பாஸோ பேக்டரி 1984ல மூடிட்டாங்க, அதனால எல் பாஸோன்னு போட்டிருந்தா குறைஞ்சது நாப்பது வருஷம் பழசு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளோட கட்டைய, அதான் தோள்ல முட்டு கொடுக்குற மரப்பகுதிய, ஒருக்கா உத்துப் பாருங்க, பின்னாடி நல்லா கீழ இறங்கியிருக்கும். ஏன்னா அதை செஞ்சவன் இரும்பு சைட்டுக்காக, அதான் பேரல் மேல இருக்குற சாதாரண குறி முள்ளுக்காக செஞ்சான், கன்னத்தை கட்டையில வெச்சா கண்ணு நேரா பேரலை ஒட்டி போகணும். அது மேல 40 எம்எம் வாய் இருக்குற ஸ்கோப்பை போட்டா, பேரலை இடிக்காம இருக்க ஸ்கோப்பைப் பிடிக்கற ரிங்கை உசத்தணும், ரிங் உசந்தா உங்க கன்னம் கட்டைய விட்டு மேல தூக்கிக்கும், தாடை மட்டும்தான் கட்டையில படும், அப்ப தலை நிக்க இடமில்லாம ஆடும், ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் படத்தை தேடணும், பக்கத்து வீட்டு சுவத்துக்கு மேல எக்கிப் பாக்குற மாதிரி. கே2.5 அப்படி இல்ல. முன்னாடி வாய் விரியாது, ஒரே குழாய் நேரா போகும், அதனால பேஸோட, அதான் ரிங் உக்கார்ற அடிப்பட்டையோட, ஒட்டி படுத்துக்கும். துப்பாக்கியை தோளுக்கு கொண்டு வந்தாலே படம் கண்ணு முன்னாடி நிக்கும்.

ரெண்டரை பவர் போதுமான்னு கேப்பீங்க. நீங்க சுடப்போற இடம் என்ன டெக்சஸ் பாலைவனமா? ஓக் மரம், ஹெம்லாக், இடுப்பளவு மவுண்டன் லாரல் புதர், அதுக்குள்ளதான் மான் நிக்கும். நான் இத்தன வருஷத்துல அந்த காட்டுல நூறு கஜத்துக்கு மேல சுட்டதா ஞாபகமே இல்ல, பாதி மான் ஐம்பதுக்குள்ள. ரெண்டரை பவர்ல நூறு கஜ தூரத்துல சுமார் நாப்பது அடி அகலம் தெரியும். ஒம்போது பவர்ல வெச்சுட்டு மறந்து போய் ஐம்பது கஜத்து மானை தூக்கிப் பாத்தீங்கன்னா கண்ணாடி பூரா ரோமம்தான் தெரியும், அது தொடையா கழுத்தான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள வாலை தூக்கிட்டு போயிடும். இன்னொண்ணு, தேர்ட்டி தேர்ட்டி குண்டு என்ன வேகம், 170 கிரெய்ன் எடை குண்டுன்னா செகண்டுக்கு சுமார் 2,200 அடி. நூறு கஜத்துக்கு ஜீரோ பண்ணி, அதான் அந்த தூரத்துல குறி வெச்ச இடத்துலயே குண்டு படற மாதிரி சரி பண்ணி வெச்சா இருநூறு கஜத்துல எட்டு ஒம்போது இஞ்ச் கீழ விழும். அந்த தோட்டாவுக்கு ஒம்போது பவர் எதுக்கு, மாட்டு வண்டிக்கு ஸ்பீடாமீட்டர் மாட்டுற கதைதான்.

வெளிச்சத்துல புது ஸ்கோப்தான் ஜெயிக்கும், இதுல சும்மா பழசை தூக்கிப் பிடிக்க மாட்டேன். புதுசுல லென்ஸ் மேல பல அடுக்கு பூச்சு இருக்கும், பழசுல இருந்தா ஒரு அடுக்கு. ஆனா ஒரு கணக்கு இருக்கு, முன் கண்ணாடி அளவை பவரால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளி வட்டத்தோட அளவு. 20 எம்எம், ரெண்டரை பவர், எட்டு எம்எம் வருது. மனுஷன் கண்மணி இருட்டுல விரிஞ்சாலே ஏழுதான், அதுவும் என் வயசுக்கு அவ்வளவு விரியாது. அதனால விடியக்கருக்கல்ல சூரியன் வர்றதுக்கு அரை மணி முன்னாடி, சட்டப்படி சுடலாம்ங்கற அந்த நேரத்துல, நல்ல நிலைமையில இருக்குற கே2.5 போதும். நல்ல நிலைமையில இருக்குறங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

என் கதைய சொல்றேன். நான் முதல்ல வாங்கினதும் ஒரு மார்லின்தான், பழைய கே4 ஸ்கோப்போட. கடையில பாத்தேன், கண்ணாடி பளிச்சுனு இருந்துச்சு, ரேஞ்சுல நல்லா சுட்டுச்சு, சரின்னு போயிட்டேன். சீசன் முதல் நாள், ராத்திரி பூரா வண்டில குளிர்ல கிடந்த துப்பாக்கி, காலைல ஈரப்பனி கொட்டுது, நான் கொஞ்சம் மலையேறி வேர்த்துப் போயி ஒரு மரத்தடில உக்காந்து ஜாக்கெட்டுக்குள்ள துப்பாக்கியை அணைச்சு வெச்சிருந்தேன். அதான் தப்பு. ஒம்போது மணி இருக்கும், ஆண் மான் ஒண்ணு நாப்பது கஜத்துல லாரல் புதரை விட்டு வெளிய வந்து நிக்குது. தூக்கிப் பாக்கறேன், வெள்ளை. மூக்குக்கண்ணாடியோட ரசம் சட்டிய திறந்தா எப்படி இருக்கும், அப்படி. கையால துடைக்கறேன், போகல, ஏன்னா ஆவி உள் பக்கம். கீழ இரும்பு சைட் இருக்கு, ஆனா ஸ்கோப் மறைச்சுட்டு இருக்கு. அது நின்னு, என்னை பாத்து, காதை ஆட்டிட்டு, பொறுமையா நடந்து போச்சுங்க. ஓடக்கூட இல்ல.

அதுலேருந்து பழைய ஸ்கோப் எது கையில வந்தாலும் முதல் வேலை ஃபிரிட்ஜ்தான். ரைஃபிள்லேருந்து கழட்டி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வையுங்க, மறுநாள் எடுத்து சமையல்கட்டுல வெச்சா வெளிக் கண்ணாடில ஆவி படியும், அது படியத்தான் செய்யும், துடைச்சுட்டு உள்ள டார்ச் அடிச்சு பாருங்க. உள்ள புகை மாதிரி படிஞ்சா சீல் போச்சு. வெந்நீர்ல முக்கி குமிழ் வருதான்னு பாக்க சொல்லுவாங்க, பழசுல அதை பண்ணாதீங்க, நல்லா இருக்குறதுலயும் தண்ணி போயிடும். சீல் போனதை திரும்ப நைட்ரஜன் அடைச்சு தர ஆளுங்க இருக்காங்க, ஆனா அந்த கூலிக்கு இன்னொரு கே2.5 வாங்கிடலாம் பல சமயம். அதே டார்ச்ச முன்னாடிலேருந்து அடிக்கும்போது லென்ஸ் ஓரத்துல மஞ்சளா வலை மாதிரியோ வானவில் கறை மாதிரியோ தெரிஞ்சா, ரெண்டு கண்ணாடிய ஒட்டின பசை விட்டுப்போச்சுன்னு அர்த்தம், அதுக்கு வைத்தியம் இல்ல.

அடுத்தது கிராஸ் ஹேர், ஸ்கோப்புக்குள்ள தெரியற கூட்டல் குறிக் கோடு. பழசுல நிறைய மாடல்ல நீங்க டர்ரெட்ட, அதான் குறியை நகர்த்துற திருகை, திருப்பினா கிராஸ் ஹேரே படத்துக்குள்ள நகரும், நடுவுல நிக்காம ஒரு மூலைக்கு போயிடும். இதை பாத்துட்டு உடைஞ்சிருச்சுன்னு பயப்படாதீங்க, அந்த காலத்து அமைப்பே அப்படி, சுடறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ரொம்ப ஓரத்துல இருந்தா பேஸ் கோணலா இருக்குன்னு அர்த்தம். அப்புறம் இதுல பல டர்ரெட் டிக் டிக்னு க்ளிக் ஆகாது, ஸ்க்ரூ டிரைவரோ காசோ போட்டு திருப்பினா சும்மா வழுக்கிட்டு போகும். திருப்பினதும் உள்ள இருக்குற ஸ்ப்ரிங் சோம்பேறி, உடனே நகராது, அடுத்த குண்டோட அதிர்ச்சிலதான் போய் உக்காரும். அதனால திருப்பினப்புறம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால டர்ரெட்ட ரெண்டு தட்டு மெதுவா தட்டுங்க, ஒரு குண்டு சும்மா போடுங்க, அப்புறம் மூணு குண்டு போட்டு பேப்பரை பாருங்க. ஒரு தடவை ஜீரோ ஆயிடுச்சுன்னா மூடிய போட்டு மூடுங்க, சீசன் முடியற வரைக்கும் தொடாதீங்க. இது வெச்சுட்டு விடுற சாமான், திருகிட்டே இருக்குற சாமான் இல்ல.

ரிங்கும் பழசா இருந்தா ஒரு விஷயம். வீவர் ரிங்ல மேல்பட்டை ஒரு பக்கம் கொக்கி மாதிரி மாட்டிக்கும், ரெண்டு ஸ்க்ரூவும் மறுபக்கம். முறுக்க முறுக்க ஸ்கோப்பே அந்த பக்கமா சுத்தும், கிராஸ் ஹேர் சாஞ்சுடும். நானும் முதல்ல மூணு தடவை கழட்டி மாட்டி வெறுத்துட்டேன், அப்புறம்தான் ஒரு கிழவர் சொல்லித்தந்தாரு, முறுக்கறதுக்கு முன்னாடியே எதிர்ப்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு வெச்சுக்கோன்னு. முறுக்கி முடியும்போது நேரா வந்து நிக்கும். உங்க மார்லினுக்கு பேஸ் நம்பர் 63பி, தேஞ்சு போயிருந்தா புதுசு போட்டுக்கோங்க.

இங்க ஒரு எச்சரிக்கை, இதை நிறைய பேர் மாட்டிக்கறாங்க. முக்கால் இஞ்ச் குழாய்ல வீவர் பி4னு சின்ன ஸ்கோப்புங்க மலிவா கிடைக்கும், அது .22ங்கற சின்னத் தோட்டா ரைஃபிளுக்கு செஞ்சது. கண்ணுக்கும் அதுக்கும் ரெண்டு இஞ்ச் பக்கம்தான் இடைவெளி. அதை தேர்ட்டி தேர்ட்டி மேல மாட்டினா முதல் குண்டுலயே புருவத்துல பிறை போட்டு விட்டுடும், கல்யாண ஆல்பத்துல கூட அந்த தழும்பு தெரியும். ஒரு இஞ்ச் குழாய் கே2.5ல அந்த பயம் இல்ல, இடைவெளி தாராளமா இருக்கும். லைமன் அலாஸ்கன் கிடைச்சா அதுவும் அருமையான ரெண்டரை பவர்தான், ஆனா அது முக்கால் இஞ்சும் இல்ல ஒரு இஞ்சும் இல்ல, எட்டுல ஏழு இஞ்ச், ரிங் தேடியே நாக்கு தள்ளிடும்.

இந்த கேள்விக்கு கீழ இன்னொருத்தர் வின்செஸ்டர் 94ங்கற லீவர் ரைஃபிள்ல இதையே மாட்டலாமான்னு கேட்டிருந்தாரு, அதையும் சேத்து சொல்லிடறேன். மார்லின் காலி ஷெல்லை பக்கவாட்டுல தள்ளும், மேல மூடின இரும்பு, அதனாலதான் ஸ்கோப் உக்காருது. பழைய 94 அப்படி இல்ல, நேரா மேல துப்பும், ஸ்கோப்ல இடிச்சு திரும்ப உள்ளயே விழும். அதனால அந்த காலத்துல பக்கவாட்டு மவுண்ட் போட்டு இடது பக்கம் தள்ளி மாட்டுனாங்க, கன்னம் பிடிமானம் போயி கழுத்தை சாய்ச்சு சுடணும். 1980கள் ஆரம்பத்துலதான் சாய்வா துப்புற மாடல் விட்டாங்க. உங்களது அதுக்கு முந்தினதா இருந்தா, முக்கியமா 1964க்கு முன்னாடி செஞ்சதா இருந்தா, தயவு செஞ்சு ட்ரில் மெஷினை எடுத்துட்டு கிட்ட போகாதீங்க, ரெண்டு ஓட்டைல விலை பாதாளத்துக்கு போயிடும். அதுல பீப் சைட், அதான் சின்ன ஓட்டை வழியா பாக்குற இரும்பு குறி, போட்டுக்கோங்க.

கடைசியா ஹேமர், பின்னாடி கட்டை விரலால இழுக்கற சுத்தியல். ஸ்கோப் தாழ்வா இருந்தா நல்லதுன்னு சொன்னேன்ல, அதுல ஒரு தொந்தரவு, கட்டை விரல் ஹேமர் மேல போக இடம் இருக்காது. பழைய 336ல தனியா சேஃப்டி பட்டன் கிடையாது, ஹேமரை பாதி இழுத்து நிறுத்தற அரை காக்குதான் சேஃப்டி. சுடாம ஹேமரை இறக்கணும்னா குளிர்ல விறைச்ச விரல், கையுறை வேற, ஸ்கோப்புக்கு அடில நுழைச்சு இறக்கணும், வழுக்கினா குண்டு போயிடும். ஹேமர்ல பக்கவாட்டா நீட்டிக்கற சின்ன பிட்டு ஒண்ணு விக்கறாங்க, சின்ன ஸ்க்ரூ போட்டு மாட்டுறது, அதை வாங்கிடுங்க, ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட், அதான் ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை, ஒரு சொட்டு விடுங்க, இல்லன்னா பத்து குண்டுல புல்லுக்குள்ள விழுந்து தேட வேண்டி வரும். மாட்டினதும் காலி துப்பாக்கில, காலிதானான்னு லீவரை திறந்து விரல் விட்டு பாத்துட்டு, கையுறையோட ஒரு ஐம்பது தடவை ஏத்தி இறக்கி பழகுங்க. டிவி பாத்துட்டே பண்ணலாம், வீட்ல திட்டுவாங்க, பரவால்ல.

ஃபிரிட்ஜ் டெஸ்ட்ட இந்த வாரமே பண்ணிட்டு உள்ள ஆவி வருதா இல்லையான்னு எழுதுங்க தம்பி, வந்துச்சுன்னா இன்னும் நாள் இருக்கு, அதே மாதிரி தாழ்வா உக்கார்ற புது ரெண்டரை பவர் என்னென்ன கிடைக்குதுன்னு பாத்துடலாம். ஸ்கோப்ப ஃபிரிட்ஜ்ல வெக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜிப் கவர்ல போட்டுடுங்க, எங்க வீட்ல வெங்காய சட்னி பக்கத்துல வெச்சு ஒரு பெரிய பஞ்சாயத்தே ஆச்சு. அடுத்த கேள்வி என்னன்னு பாக்கலாம்.