மாத்திரை தீர்ந்த மறுநாள்

வணக்கம். களப்பணியாளர்கள் நிறைந்த அரங்கம் இது. எச்.ஐ.வி. மருந்து வாங்க வராமல் நின்றுபோனவர்களைத் தேடும் வேலைக்கு நேராக வருவோம்.

2004 ஏப்ரலில் எட்டு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்தை நம் அரசு தொடங்கியது. தாம்பரமும் அவற்றில் ஒன்று. இன்று பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். விழுங்குவது எளிதாகிவிட்டது. ஆனாலும் ஆள் வராமல் போவது நிற்கவில்லை.

மருந்து நின்றால் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வைரஸ் மறுபடி பெருகிவிடும். உடன் மஞ்சள் காமாலை பி வைரஸும் இருப்பவருக்கு, டெனோஃபோவிர் நின்றதும் கல்லீரல் அழற்சி மூளலாம். ஆகவே மூன்று மாதம் கழித்துப் போடும் ‘தொடர்பில் இல்லை’ என்ற முத்திரை, கணக்கு எழுதத்தான் உதவும். தேடலை மாத்திரை தீர வேண்டிய நாளுக்கு மறுநாளே தொடங்க வேண்டும்.

முதலில் தெருவில் இறங்காதீர்கள், பதிவேட்டில் இறங்குங்கள். மருந்து கொடுத்த ஏடு, இணைப்பு மையத்தின் (வீட்டுக்கு அருகில் மாத்திரை கொடுக்கும் துணை மையம்) பட்டியல், காசநோய்ப் பிரிவு, உள்நோயாளிப் பதிவு, பிரசவ வார்டு எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். மாத்திரை வாங்கிப் போயிருப்பார், அட்டையில் ஏறியிருக்காது. திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே புதுப் பெயரில் பதிந்திருப்பார். எழுத்துப் பிழைக்காக ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வீண் வேலை மட்டுமல்ல, அவருக்கு ஆபத்தும்கூட.

அடுத்தது தொலைபேசி. எடுப்பவர் மாமியாராக இருக்கலாம், கடை முதலாளியாக இருக்கலாம். நோயின் பெயரையோ மையத்தின் பெயரையோ சொல்லாதீர்கள், குறுஞ்செய்தியிலும் வேண்டாம். எந்த நேரத்தில் அழைக்கலாம், யார் பெயரைச் சொல்லி அழைக்கலாம், வீட்டுக்கு வரலாமா, விஷயம் தெரிந்த இன்னொருவர் யார் என்ற நான்கையும் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும். கொடுத்த எண்ணை அவர் எதிரிலேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பாதித் தேடல் அங்கேயே மிச்சமாகும்.

வீட்டுக்குப் போக அவர் சம்மதித்திருந்தால் மட்டும் போங்கள். சின்னம் போட்ட பையும் வண்டியும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் வேண்டாம். சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. “வர விருப்பமில்லை” என்று ஒருவர் சொன்னால் அதையும் ஒரு விடையாக எழுதிக்கொண்டு திரும்புங்கள். வாசலில் வாதாட வேண்டாம்.

இனி, நாம் அதிகம் தவறுவது கணக்கில். ஒரு மையத்தில் ஆயிரம் பேர் என்று வையுங்கள். இறந்ததாகத் தெரிந்தவர் 30, காணாதவர் 200. மரணம் 3 சதவீதம் என்று அறிக்கை போய்விடும். அந்த 200 பேரில் சீட்டுப் போட்டு 50 பேரை எடுத்துத் தீவிரமாகத் தேடி, 10 பேர் இறந்தது தெரிந்தால், இருநூறில் சுமார் 40 பேர்; மொத்தம் 70, அதாவது 7 சதவீதம். சீட்டுப் போடாமல் தொலைபேசியில் கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் நலமாகத்தான் தெரிவார்கள், இறந்தவர் போன் எடுப்பதில்லையே! பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பெரும்பாலும் ஆப்பிரிக்க மையங்களில் காணாமல் போய்க் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் இறந்திருந்ததாகக் காட்டியது. பிந்தைய ஆய்வுகளில் அந்த விகிதம் குறைந்து, சொல்லாமல் வேறு மையத்துக்கு மாறியவர்கள் கூடினார்கள். ஆகவே ‘இறந்தார்’, ‘மாறினார்’, ‘நிறுத்தினார்’, ‘கிடைக்கவில்லை’ நான்கையும் தனித்தனியே எழுதுங்கள்.

திரும்பி வந்தவரை “ஏன் வரவில்லை?” என்று வரிசையில் நிறுத்திக் கேட்டால் அடுத்த மாதம் மறுபடி தேட வேண்டியதுதான். பஸ் செலவா, கூலி போகிறதா, வீட்டில் மாத்திரையை ஒளிக்க இடமில்லையா என்று தனியே கேளுங்கள். நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவான சிடி4 பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் காசநோயும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் பரிசோதிக்க வேண்டும். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் மாத்திரையை அன்றே கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும். அந்தப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்திருந்தால் கூட்டு மருந்தைச் சில வாரம் தள்ளித் தொடங்குவதே பாதுகாப்பு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் வழக்கமான மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மாத்திரை இன்னொன்று சேர வேண்டும். அந்த இரண்டாவது மாத்திரை எதற்கென்று சொல்லாமல் கொடுத்தால், பலர் அதைத்தான் முதலில் விடுகிறார்கள்.