பூர நட்சத்திரத்தின் அடியில்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டு வீட்டில் மழை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இப்போதே தெரியும். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டும், அண்டா வைத்துப் பிடிப்போம். வெறும் தூறலானாலும் விடிய விடிய வைத்தால் அண்டா நிறையும். தொலைநோக்கியில் படம் எடுப்பதும் அப்படித்தான். என் ஆறு அங்குலக் கண்ணாடிதான் முற்றம். நம் கண்மணியைவிட 400 மடங்குக்கு மேல் வெளிச்சம் பிடிக்கும். கேமராதான் அண்டா. கண்ணுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

பங்குனியில் இரவு பத்து, பதினொரு மணிக்குச் சிம்ம ராசி நம் தலைக்கு நேரே வரும். அதில் பூர நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே மூன்று சுருள் விண்மீன் மண்டலங்கள். மங்கலான வான்பொருள்களுக்கு மெசியே என்பவர் போட்ட பட்டியலில் 65, 66 என்று இரண்டு, மூன்றாவது என்ஜிசி என்ற இன்னொரு பட்டியலில் 3628. 3 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பவை.

ஒருநாள் அப்பத்தா மாடியேறி வந்து கண் வைத்துப் பார்த்தார். "புகை மாதிரியில்ல இருக்கு, இதுக்காப்பா முழிச்சுக் கெடக்கே?" என்றார். மறுவாரம் படத்தைக் காட்டினேன். மூன்றாவது மண்டலம் நமக்கு ஓரம் காட்டி நிற்கிறது, அப்பளத்தை விளிம்போடு பார்ப்பதுபோல. அதன் நடுவே ஓடும் கறுப்புத் தூசிக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தார். அதற்குப் பிறகு அமாவாசையை ஒட்டிய இரவுகளில் முகப்பு விளக்கை அவரே அணைத்துவிடுவார்.

ஆனால் அண்டா அசையக்கூடாது. பூமி சுழல்வதால், மூன்று நிமிடத்தில் வானம் நிலாவின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு நகர்ந்துவிடும். தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கியின் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்த்து நின்றால்தான், மோட்டார் அந்த நகர்வை ஈடுகட்டும். வழிகாட்டத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. அதுதான் நம் ஊரில் கஷ்டம். காரைக்குடியிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 10 பாகைதான். கையை நீட்டி விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால், அந்த ஒரு முஷ்டி உயரம். ஒரு பனைமரம் போதும் மறைக்க. அதனால்தான் வடக்குப் பக்கம் திறந்த மாடியைத் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கைகாட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ஒரே இடத்தைப் பல தடவை எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவதைப் பற்றி ஒன்று மட்டும்: எண்ணிக்கையை நாலு மடங்காக்கினால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பொரிப்பொரி பாதியாகும். கார்த்திகையில் மழை விட்ட இரவில் ஆண்ட்ரோமெடா என்ற இன்னொரு விண்மீன் மண்டலம் கிடைக்கும், 25 லட்சம் ஒளியாண்டு தூரம், இருட்டான இடத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். வணக்கம்.