தொய்வு இழுத்த இரவில் கைகொடுத்த புயல் பை

[காட்சி: இருண்ட வீடு. மழைச் சத்தம். டோர்ச் வெளிச்சம் மட்டும்.]

கார்த்திகை மழை இரவு. கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம். அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இழுக்கத் தொடங்கியது. இன்ஹேலர் அடித்தும் குறையவில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டுக் கதவோரம் தொங்கிய பையை எடுத்தேன். டோர்ச், பவர் பாங்க், அம்மாவின் கிளினிக் கொப்பி, கொஞ்சம் காசு, எல்லாம் அதற்குள் இருந்தன. தம்பி டோர்ச்சோடு ஓடிப்போய் ஒழுங்கை முகப்பில் நின்றான். எங்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைப் பற்றித் தெரியும்தானே, பகலிலேயே வீடு பிடிப்பது கஷ்டம். அவன் நின்றபடியால் அம்புலன்ஸ் நேரே வந்து சேர்ந்தது.

அந்தப் பை தொய்வுக்காகக் கட்டியது அல்ல. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வருகிறது என்றபோது, வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் என்று கட்டினேன். புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. எங்கள் வளவுக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றதோடு சரி. "வீணாய் மினைக்கெட்டாய்" என்றார் அம்மா.

வீணாகவில்லை. புயலும் சுனாமியும் நம்மிடமிருந்து பறிப்பவை என்ன? வெளிச்சம், நல்ல தண்ணீர், போன், வாகனம், கையில் இருக்க வேண்டிய பத்திரங்கள். சாதாரண ஒரு கெட்ட இரவும் இதே சாமான்களைத்தான் பறிக்கிறது, சில மணித்தியாலங்களுக்கு.

[காட்சி: கிணற்றடி. ஒரு பக்கம் மோட்டர், மறுபக்கம் கயிறும் வாளியும்.]

தண்ணீரைப் பாருங்கள். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் வடமராட்சி கிழக்குக் கரையோரத்தில் கடல் கிணறுகளுக்குள் புகுந்தது. கிணறு நிறையத் தண்ணீர் நின்றும் வாயில் வைக்க முடியவில்லை. அதை நினைத்து இரண்டு கலன் குடிதண்ணீரை மூடி வைக்கும் வீட்டுக்கு, மோட்டர் எரிந்துபோன நாளிலும் தவிப்பு இல்லை. துலா போய் மோட்டர் வந்தபின், கரண்ட் இல்லையென்றால் குழாயில் சொட்டும் வராது. ஒரு கயிறும் வாளியும் கிணற்றடியில் கிடக்கட்டும். பிள்ளையின் கையில் சுடுதண்ணீர் கொட்டினால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும். ஐஸ் கட்டியும் பற்பசையும் வேண்டாம். அந்த 20 நிமிடத்துக்கு உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா? வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைக்கவும் கொதித்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி நம் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காகக் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். நெருப்புப்பெட்டி எங்கே என்று இருட்டிலும் அவர்கள் கைக்குத் தெரியும். நான் அவர்களிடம் படித்தது அதைத்தான்: ஒரு சாமானுக்கு ஒரே இடம். டோர்ச் இருந்தும் எங்கே என்று தெரியாவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

அப்புறம் பத்திரங்கள். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அலைந்த குடும்பங்கள் எத்தனை! பிரதிகளைப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். அதோடு ஒரு துண்டில் இரத்த வகை, ஒத்துவராத மருந்து, நாளாந்தம் குடிக்கும் குளிசைகள், பக்கத்து வீட்டு ஓட்டோக்காரரின் இலக்கம். டொக்டர் முதலில் கேட்பது இவைதான், பதறும்போது நமக்கு வாயில் வராததும் இவைதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-ஐயும் எழுதிவிடுங்கள்.

[காட்சி: கதவோரப் பை. ஒரு முதிய கை அதைத் திறக்கிறது.]

ஒவ்வொரு டிசம்பர் 26-ம் திகதியும், இறந்தவர்களுக்கு விளக்கேற்றிய பிறகு, பையைத் திறந்து பார்ப்போம். பற்றரி மாற்றுவோம், மருந்துகளின் காலாவதித் திகதி பார்ப்போம். போன வருடம் அம்மாவே பையை இறக்கி, புதுக் கிளினிக் கொப்பியை உள்ளே வைத்துவிட்டு, திரும்பவும் அதே ஆணியில் மாட்டினார்.