பாருக்கு எங்கே பூட்டுவது?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சி, அக்கா, மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனங்களே, வணக்கம்.

மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளைக் காக்க மீன்பிடிப்பை அடியோடு நிறுத்துவதா, வலையை முறைப்படுத்துவதா என்பது இன்றைய வழக்கு. நான் வலைக்கட்சி.

அண்ணாச்சி சூடாகப் பேசிவிட்டுப் போனார். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-லேயே தேசியப் பூங்கா ஆக்கியாயிற்று, அதற்குள் மீனவனுக்கு என்ன வேலை என்று கேட்டார். பாரை அவனிடம் விடுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்றார். (பாரை என்றதும் மீனை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் பவளப்பாறைக்குப் பெயர் பார். கீழக்கரைக்கு எதிரே ஆனைப்பார் என்றே ஒரு தீவு இருக்கிறது.) அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன். பழமொழி நல்ல பழமொழிதான்.

ஆனால் அண்ணாச்சி, கடலில் இருப்பது ஒரே பூனையா?

என் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன வள்ளம், கொஞ்சம் நண்டு வலை. ஒரு நாள் விடியக்காலையில் கரையில் உட்கார்ந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தார். வலையில் மான்கொம்பு மாதிரி ஒரு பவளக் கிளை சுற்றிக்கொண்டு வந்திருந்தது. இழுத்தால் வரவில்லை, நாலைந்து கண்ணியை அறுத்துத்தான் எடுத்தார். முறிந்த இடம் பச்சைப் புண்ணாக வெள்ளையாய் இருந்தது. "வலையும் போச்சு, கல்லும் போச்சு" என்று அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளை விடும் பவளம் நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அன்றைக்கு அப்புறம் அவர் வலையைக் கல்லை விட்டுத் தள்ளி மணலில்தான் விடுகிறார். எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை, கிழிந்த வலை சொன்னது.

விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலை வேறு சாதி. அதன் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகை, அடியில் சங்கிலி. அது பாரின் மேலேயே போகாது, போனால் மடி கிழியும். பார் ஓரமாகத் தரையை உழுதுகொண்டு போகும். கிளம்புகிற சேறு மெதுவாக வந்து பவளத்தின் மேல் படியும். பவளம் உயிருள்ள பிராணி, நடுவர் அவர்களே, அதன் உடம்புக்குள் இருக்கும் பாசிக்கு வெயில் வேண்டும். முகத்தில் மண்ணைப் போட்டு மூடினால் எத்தனை நாள் தாங்கும்? கரையோரம் தள்ளுமடி வலை செய்வதும் இதேதான், தாழை என்கிற கடல்புல்லோடு சுரண்டிக்கொண்டு போகும். இதையும் சித்தப்பாவின் வள்ளத்தையும் ஒரே பூட்டுக்குள் போட்டால் நியாயமா?

1983-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது, விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு வெளியேதான் இழுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 3 கடல் மைல் என்பது ஐந்தரை கிலோமீட்டர். எங்கள் தீவுகளில் சில அதையும் தாண்டி இருக்கின்றன. கரையிலிருந்து அளந்து போட்ட கோடு அது, பாரிலிருந்து அல்ல. பூங்கா எல்லைக்கு வெளியே நின்று இழுத்தாலும் சேறு எல்லை பார்த்து நிற்காது. ஆகவே எங்கள் அணி கேட்பது, பாரிலிருந்து அளந்து இழுவைமடிக்கு ஒரு கோடு.

எதிரணி அக்கா, வெளிநாட்டைப் பாருங்கள், பவளம் இருக்கும் இடத்தில் யாரையும் விடுவதில்லை என்றார். சரி, பார்ப்போம். மெக்சிகோ வளைகுடாவில், டெக்சாஸ் கரையிலிருந்து சுமார் 100 மைல் தள்ளி, எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு நடுவே ஃப்ளவர் கார்டன் பேங்க்ஸ் என்று ஒரு பவளத் திட்டு. 1992-இல் பாதுகாத்தார்கள், 2021-இல் 56 சதுர மைலை 160 ஆக விரித்தார்கள். அங்கே வலை கூடாது, மீன் பிடிக்கும் கூடு கூடாது, இழுவைமடி கூடவே கூடாது. தூண்டில் போடலாம். நங்கூரம் மட்டும் யாரும் இறக்கக் கூடாது, மிதவை கட்டி வைத்திருக்கிறார்கள், படகை அதில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே முதலில் பாதுகாத்த திட்டுகளில் கடலடியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் மூடியிருக்கிறது. அக்கா, இது உங்கள் கட்சியா, என் கட்சியா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது, நிறையச் செத்தது. அதற்கு எந்த மடியும் காரணமில்லை. ஆனால் செத்த கல்லின் மேல் பாசி ஏறினால் புதுக் குஞ்சுப் பவளம் ஒட்ட இடமிருக்காது. அந்தப் பாசியை மேய்வது கிளிமீனும் ஓரா மீனும். பார் மேல் கூடு வைத்து அவற்றை வழித்தெடுத்தால், கூடு நகராமலிருக்கப் பவளக் கல்லையே பெயர்த்து வைத்தால், அதுவும் தப்புதான். பார் மேல் கூட்டுக்குத் தடை போடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன்.

அப்படியானால் காவல் யார் என்று கேட்பீர்கள். ராமநாதபுரம் பக்கத்துக் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி முங்குகிறவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தாங்களே வகுத்துக்கொண்டார்கள். முழுத் தடை வந்தால் முதலில் வெளியே நிற்பது அவர்கள்தான். காட்டுயிர்ச் சட்டமே கடலைச் சரணாலயமாக்கும்போது உள்ளூர் மீனவர் தொழிலைக் காக்க ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அப்புறம், ராத்திரியில் எவன் படகு எந்தப் பார் பக்கம் போகிறது என்று எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

இங்கே வரும் முன்னால் சித்தப்பாவிடம், மேடையில் என்ன கேட்க என்று கேட்டேன். "தீவுப் பக்கம் நாலு மிதவை போடச் சொல்லு. நங்கூரம் இறக்குறப்ப எந்தக் கல்லு மேல விழுதுன்னு எனக்கும் தெரிய மாட்டேங்குது" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன்.