மொய் எழுதியவர் வீட்டு விசேஷம்

நடுவர் அவர்களே, கோபிச்செட்டிபாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் தொண்டு செய்ய வேண்டியது உள்ளூரில் மட்டுமா, கடல் கடந்துமா என்பது தலைப்பு. எதிரணித் தம்பி கேட்டார்: "நம்ம ஊர் ஓடை தூர்ந்து கிடக்குது, வெளிநாட்டுக்கு எதுக்குப் போகணும்?" ஞாயமான கேள்வி. 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியதையும் சொன்னார். அந்தத் திட்டத்தில் 7 நாள் முகாம்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத் தரையில் படுத்து எழுந்தவன் நான். ஊரை விடச் சொல்லி நான் வரவில்லை. ஊரோடு நின்றுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. என் மாமா தோட்டத்தில் மல்பெரி இலையைத் திருப்பினால் அரிசி மாவைத் தூவியது போல வெள்ளை. தொட்டால் விரல் பிசுபிசுக்கும். குருத்து சுருண்டு முண்டு முண்டாக நின்றது. புழு வளர்ப்பு மனைக்குள் போனால் பட்டுப்புழுக்கள் தலையைத் தூக்கி இலை தேடுகின்றன, போடுவதற்கு நல்ல இலை இல்லை. டேங்க் டேங்காக மருந்து அடித்தார். பூச்சியின் மேல் இருக்கிற மெழுகைத் தாண்டி மருந்து உள்ளே போகவே இல்லை.

அந்தப் பூச்சிக்குப் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அங்கே அதைத் தின்னும் எதிரி உண்டு, இங்கே இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாரும், பெங்களூரு ஆய்வகத்தாரும் கைகோத்தார்கள். 2010-ல் கரீபியன் கடல் தீவான புவர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. எள்ளை விடச் சிறிசு. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். மாமா ஒரு சின்னக் குப்பியைச் செடியோரம் திறந்து வைத்து, "இதா காப்பாத்தப் போகுது?" என்று நம்பாமல் நின்றார். சில மாதத்தில் குருத்து நிமிர்ந்தது.

அப்புறம் 2020-ல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி. அதற்கான குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறவர்கள் நாம். பெனின்காரர் எழுதிய மொய்யை மட்டும் மறந்துவிடலாமா? நாமும் முன்பு எழுதியிருக்கிறோம். கோவையில் உருவான 'கோ' கரும்பு ரகங்கள் தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும் விளைந்திருக்கின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் இருந்த அந்தப் போக்குவரத்தை நாம் ஏன் நிறுத்த வேண்டும்?

"அங்கே போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள்" என்றார் தம்பி. அப்படிப் போகிறவர்களை நானும் ஆதரிக்கவில்லை. அந்தியூர்ப் பக்கம் ஒரு முகாமில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கக் கிளம்பினோம். ஓர் அம்மாயி என் மாணவியின் கையைப் பிடித்து, "கண்ணு, செவுரு எங்கயும் ஓடிப்போகாது. இந்தப் பென்சன் காயிதத்துல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு சாமி" என்றார். அன்று சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்து ஊரார் காகிதங்களைப் படித்தோம், மனு எழுதினோம். என்ன வேண்டும் என்று முதலில் கேட்கிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் வந்தது. அதை அவள் எந்த நாட்டுக்கும் எடுத்துப் போகலாம்.

தம்பி, உங்கள் ஓடைக்கு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களோடு நான் வருகிறேன், மண்வெட்டியை எடுத்து வையுங்கள். அந்த மாணவி இப்போது பூச்சியியல் படிக்கிறாள். நாளைக்குப் பெனினில் ஒரு மரவள்ளிக் காட்டுக்காரர் கூப்பிட்டால் அவளை அனுப்பி வையுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றிங்க.