கர்சர் தானாகக் குதிக்கிறதா? உங்கள் விரலைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்!

(திரையில்: நெல் கொள்முதல் அட்டவணை. ஏழாவது வரிசையில் கர்சர் மின்னுகிறது.)

இந்தக் கர்சரை மட்டும் பாருங்கள். ஏழாவது வரிசை, 'மூட்டை' என்ற கட்டம். 42 என்று எழுதப் போகிறேன். 4 விழுந்துவிட்டது. இப்போது 2. பார்த்தீர்களா? 4 ஒரு விவசாயியின் பெயரிலும், 2 வேறொருவர் பெயரிலும் பதிவாகியிருக்கின்றன. நான் மவுஸைத் தொடவே இல்லை!

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் காட்டிய கோளாறு இது. "தம்பி, எப்போதாவதுதான் வருகிறது. பழுது பார்க்க ஆள் வந்தால் ஒளிந்துகொள்கிறது" என்றார். குறுவை அறுவடை நேரம், வாசலில் டிராக்டர்கள் நிற்கின்றன, மூட்டைக் கணக்கு மாறிப்போனால் ஒரு குடும்பத்தின் பணம் மாறிப்போகும். பழி முழுவதும் அந்த அக்காவின் தலையில்தான் விழுந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

தரவுத்தளம் என்பது கணக்குப் பெட்டகம். திரையில் தெரியும் கட்டங்கள் அதைத் திறந்து எழுத உதவும் கருவி. பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துவிடுவோம். வேறொரு கீபோர்டைச் செருகிப் பாருங்கள். மடிக்கணினி என்றால் டச்பேடை அணைத்துவிடுங்கள். உள்ளங்கை உரசினாலே கர்சர் ஓடும். விண்டோஸில் வலது ஷிப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வேண்டுமா என்று கேட்கும். படிக்காமல் 'ஆம்' கொடுத்துவிட்டால், அதன்பிறகு வேகமாகத் தட்டும் எழுத்துகளைக் கணினி கண்டுகொள்ளாது. மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அம்புக்குறி விசை சில நேரம் எழுத்து எழுத்தாக நகர்கிறது, சில நேரம் அடுத்த கட்டத்துக்கே தாவுகிறது என்றால் அது கோளாறே அல்ல. எஃப்2 விசையைத் தட்டினால் ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும் பார்த்தோம். கர்சர் குதிப்பது நிற்கவில்லை.

(திரையில்: வரப்பு, ஓரத்தில் ஒரு நண்டு வளை.)

இங்கே கொஞ்சம் வயலுக்கு வாருங்கள். மாலையில் தண்ணீர் கட்டிவிட்டுப் போகிறோம், விடிந்து பார்த்தால் பாதி இல்லை. வரப்பைச் சுற்றி வந்தால் ஓர் உடைப்பும் தெரியாது. வேலை நண்டு வளையுடையது. வளையின் வாய்க்கு மேலே தண்ணீர் நிற்கும்வரை கசியும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் கசிவு நின்றுவிடும். நாம் பார்க்கப் போகும் நேரத்தில் வரப்பு ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும்! விவரம் தெரிந்தவர் காய்ந்த வரப்பை முறைத்துக்கொண்டு நிற்கமாட்டார். வாய்மடையைத் திறந்து, பழைய மட்டத்துக்கே தண்ணீரை ஏற்றிவிட்டு, பக்கத்து வயலில் எங்கே ஈரம் ஊறுகிறது என்று பார்ப்பார்.

'எப்போதாவது' வரும் கோளாறு அத்தனையும் இந்த நண்டு வளை ஜாதிதான். எந்த மட்டத்தில் கசிகிறது என்பதுதான் கேள்வி.

அக்காவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். கர்சர் குதிக்கும்போதெல்லாம் மணி என்ன, எந்தக் கட்டம், அந்த நேரத்தில் ஆலையில் வேறு யார் கணினியில் இருந்தார்கள், மூன்றையும் எழுதச் சொன்னேன். இரண்டு நாளில் ஒன்பது முறை. ஒன்பது முறையும் எடை மேடையில் இருக்கும் தம்பி புதிய எடையைச் சேமித்த அதே நிமிடம்!

எடை மேடைக்கு ஓடினேன். அங்கிருந்து போன் செய்து, "அக்கா, ஏழாவது வரிசையில் 4 மட்டும் தட்டிவிட்டு நில்லுங்கள்" என்றேன். இங்கே 'சேமி' பொத்தானை அழுத்தினேன். "குதித்துவிட்டது தம்பி!" என்று அவர் போட்ட சத்தம் போன் இல்லாமலே கேட்டிருக்கும். நாமே நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிந்தால் கோளாறு பாதி பிடிபட்ட மாதிரி.

நடந்தது இதுதான். அட்டவணையில் புதிய பதிவு மேலே வரும்படி அடுக்கியிருந்தார்கள். எடை மேடையில் சேமித்ததும் கருவி, பாதி எழுதிய 4ஐ அப்படியே பதிந்துவிட்டு, அட்டவணையைப் புதுப்பிக்கிறது. முதல் வரிசையில் புதியவர் ஒருவர் நுழைகிறார், மற்ற எல்லோரும் ஒரு படி கீழே. கருவியோ 'ஏழாவது வரிசை' என்று எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறது, ஆளை அல்ல. வாசலில் நிற்கும் ஏழாவது டிராக்டரில் மூட்டையை ஏற்று என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவர் திரும்புவதற்குள் முன்னால் ஒரு டிராக்டரை நுழைத்தால் என்ன ஆகும்? அதேதான்.

திருத்தம் ஐந்து நிமிட வேலை. தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்தோம். பதிவு எண் ஏறுவரிசையில் அடுக்கினோம்; புதியவை இனி கீழே சேரும். டிபீவர் போன்ற கருவிகளில் 'மேனுவல் கமிட்' முறை உண்டு. 'கமிட்' கொடுக்கும்வரை எதுவும் நிரந்தரமாகாது, தவறு கண்ணில் பட்டால் 'ரோல்பேக்' கொடுத்துப் பழைய நிலைக்கே திரும்பலாம். ஆனால் கமிட் செய்யாமல் சாப்பிடப் போய்விடாதீர்கள். அதே வரிசையைத் திருத்த வருபவர் காத்துக் கிடப்பார். கருவியைச் செய்தவர்களுக்கும் இந்தப் படிகளை அப்படியே எழுதி அனுப்பினோம்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயம்! அக்காவிடம் இன்னொரு புகார் இருந்தது. ஊர்ப் பெயரில் 'கொரடாச்சேரி' என்று தேடினால் சிலர் வருவதில்லை. பேக்ஸ்பேஸும் ஒரே மாதிரி அழிப்பதில்லை.

(திரையில்: பெரிய எழுத்தில் 'கொ', இரண்டு முறை.)

இரண்டும் ஒரே எழுத்துதானே? கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் முதலாவது க, பிறகு ஒகரக் குறி, ஆக இரண்டு துண்டு. அடுத்தது க, பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால், ஆக மூன்று துண்டு. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. முதலாவதில் பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால் 'க' மிஞ்சும். அடுத்ததில் 'கெ' மிஞ்சும். கர்சரை எழுத்துக்கு முன்னால் வைத்து டெலீட் தட்டினால், பெரும்பாலான செயலிகளில் இரண்டுமே முழுதாகப் போய்விடும். நம் எழுத்தைக் கொம்பும் காலுமாகக் கழற்றிக் காட்டும் இந்தச் சோதனையை எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் மூன்று துண்டு 'கொ' நிறையக் கிடந்தது. இரண்டையும் ஒன்றாக்கும் வேலைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 13ஆம் பதிப்பிலிருந்தே அதற்கான 'நார்மலைஸ்' கட்டளை உள்ளது. நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டினோம். கொரடாச்சேரிக்காரர்கள் அத்தனை பேரும் தேடலில் வந்து நின்றார்கள்.

கோட்டூர், கொல்லுமாங்குடி, பூந்தோட்டம் என்று உங்கள் பட்டியலிலும் ஊர்கள் இருக்கும். கடைசி எழுத்துவரை பேக்ஸ்பேஸ் தட்டிப் பார்த்து, என்ன மிஞ்சியது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.